ஒரே பிணைப்பு, இரண்டு திறவுகோல்: ரப்பர் தண்டில் ஸ்டைரீன் கிளைகளை ஒட்டிய ஒரு நிகழ்வு ஆய்வு

மாலை நாலரை மணி இருக்கும். எண்ணெய்ச் சட்டியில் சூடாகிக்கொண்டிருந்த குடுவைக்குள் சுழன்ற காந்தத் துண்டு திணறியது. இரண்டு முறை துடித்தது, பிறகு நின்றுபோனது. ஒரு மணி நேரம் முன்புவரை தேன் பதத்தில் இருந்த பச்சைக் கரைசல் அது. இப்போது குடுவையைச் சாய்த்தால் அல்வாத் துண்டு போல மொத்தமாக அசைந்தது. மேலே டொலுயினை ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டோம். காலையில் அது ஊறிப் பருத்திருந்தது. கரைய மட்டும் இல்லை.

பாலிமர் வேலை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து, குடுவையில் இருந்ததெல்லாம் ஏறக்குறைய ஒரே மூலக்கூறாகிவிட்டது. அதை உருக்கவும் முடியாது, கரைக்கவும் முடியாது, எந்தக் கருவியில் வைத்தும் அளக்க முடியாது. நாங்கள் விரும்பியது வேறு: ரப்பர் தண்டில் தனித்தனியாக நிற்கும் பாலிஸ்டைரீன் கிளைகள். தண்டு நேரயனி வழியில், அதாவது வளரும் முனையில் நேர் மின்னூட்டம் இருக்கும் வினையில், உருவானது. கிளைகள் ரேடிக்கல் வழியில், அதாவது முனையில் ஜோடியில்லாத ஓர் எலெக்ட்ரானோடு, வளர வேண்டியவை. அந்தக் குடுவை ஏன் கெட்டது, பிறகு எப்படிச் சரியானது என்பதுதான் இங்கே விஷயம். முதலில், ஒத்துப்போகாத இரண்டு வினைமுறைகளை ஒரே மூலக்கூறுக்குள் ஏன் கொண்டுவந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரே முறையில் ஏன் முடியாது

மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டியவர்களுக்கு இந்த வேலையின் நோக்கம் உடனே பிடிபடும். வறட்சி தாங்கும் நாட்டு மரத்தின் வேர், அதன்மேல் நல்ல ரகத்தின் குருத்து. ஒட்டு பாலிமரும் அப்படித்தான். ஒரு மோனோமரால், அதாவது கோத்துச் சங்கிலியாகும் சிறு மூலக்கூறால், ஆன நீண்ட தண்டில், ஆங்காங்கே வேறொரு மோனோமரால் ஆன கிளைகள் நிற்கும். இங்கே தண்டு பாலிஐசோபியூட்டிலீன். மைனஸ் 70 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில்தான் அது கண்ணாடிபோல் இறுகும், அதற்கு மேல் ரப்பராகவே இருக்கும். காற்றை எளிதில் கசியவிடாது. டயரின் உட்புறப் பூச்சில் இந்தக் குடும்பத்து ரப்பர்தான் இருக்கிறது. கிளையாகும் பாலிஸ்டைரீனோ சுமார் 100 டிகிரி வரை விறைப்பாக நிற்கும். இரண்டையும் சும்மா கலந்தால் எண்ணெயும் தண்ணீரும் போலப் பிரிந்துவிடும். பிணைப்பால் ஒட்டிவிட்டால் பிரியப் பார்த்தும் பிரிய முடியாமல், சில பத்து நானோமீட்டர் அளவுள்ள திட்டுகளாக ஒதுங்கி நிற்கும். அந்தக் கடினத் திட்டுகள் ரப்பரை அங்கங்கே முடிச்சுப் போட்டதுபோல் பிடித்துக்கொள்ளும். கந்தகம் சேர்த்து வேகவைக்காமலே, இழுத்தால் மீளும் பொருள் கிடைக்கும். சூடாக்கினால் மறுபடி இளகும்.

ஐசோபியூட்டிலீனை ரேடிக்கல் முறையில் நீண்ட சங்கிலியாக்க முடியாது. அதன் மெத்தில் குழுவில் உள்ள ஹைட்ரஜனை ரேடிக்கல் எளிதில் பறித்துக்கொள்ளும். மிஞ்சும் அல்லைல் ரேடிக்கலுக்கு மேற்கொண்டு வளரத் தெம்பு இல்லை. ஆனால் அதே இரட்டை மெத்தில் குழுக்கள் நேரயனிக்கு நல்ல தாங்கல். அதனால் ஐசோபியூட்டிலீனுக்கு நேரயனி வழி ஒன்றே ராஜபாட்டை. மெத்தில் மெத்தாக்ரிலேட் இதற்கு நேர் எதிர். அதன் எஸ்டர் குழு எலெக்ட்ரானை இழுப்பதால் நேரயனி நிற்காது. ரேடிக்கல் வழியில் அருமையாக வளரும். ஸ்டைரீன் இரண்டு ஊருக்கும் போகும்.

அப்படியானால் ஸ்டைரீன் கிளைகளையும் நேரயனி வழியிலேயே வளர்த்துவிடலாமே என்ற கேள்வி எங்களுக்கும் வந்தது. தடுத்தவை இரண்டு. முதலாவது, வளரும் நேரயனி பக்கத்திலுள்ள ஒரு புரோட்டானை எளிதில் உதறிவிடும். அந்தப் புரோட்டான் வேறொரு மோனோமரைப் பிடித்துத் தண்டோடு சம்பந்தமில்லாத புதுச் சங்கிலியைத் தொடங்கும். நாம் ஒட்டுக் கட்டிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் களை முளைப்பதுபோல. இரண்டாவது தண்ணீர். எங்கள் தண்டில் கிளை தொடங்க வேண்டிய இடங்கள் 10 கிராம் ரப்பருக்குச் சுமார் 1.3 மில்லிமோல். ஒரு சொட்டுத் தண்ணீரில், அதாவது 0.05 மில்லிலிட்டரில், 2.8 மில்லிமோல் இருக்கிறது. ஒரே ஒரு சொட்டு, அத்தனை இடங்களையும் போல இரண்டு மடங்கு. பிசுபிசுப்பான ரப்பர் கரைசலை அந்த அளவுக்கு உலரவைப்பது பெரும்பாடு. ரேடிக்கலுக்குத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. உலகில் எத்தனையோ டன் பாலிமரைத் தண்ணீரில் மிதக்கும் பால்மமாகவே தயாரிக்கிறார்கள். இன்று ஸ்டைரீன், நாளை மெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற திட்டமும் இருந்ததால், கிளைக்கு ரேடிக்கல் என்று முடிவு செய்தோம்.

தண்டின் கதை

தண்டை நாங்கள் தயாரிக்கவில்லை. அந்தக் குளிர்வேலைக்குச் சிறிய ஆய்வகம் தாங்காது. ஆனாலும் அது எப்படி உருவாகிறது என்பது தெரியாமல் கிளையைத் திட்டமிட முடியாது.

1937இல் ஸ்டாண்டர்ட் ஆயில் ஆஃப் நியூ ஜெர்சி நிறுவனத்தில் ராபர்ட் தாமஸ், வில்லியம் ஸ்பார்க்ஸ் இருவரும் ஐசோபியூட்டிலீனோடு சிறிதளவு ஐசோபிரீனைச் சேர்த்து பியூட்டைல் ரப்பரைக் கண்டார்கள். கரைப்பான் மெத்தில் குளோரைடு, தூண்டுவது அலுமினியம் குளோரைடு, வெப்பநிலை மைனஸ் 100 டிகிரியை ஒட்டி. அந்தக் குளிரைத் தக்கவைக்க, மைனஸ் 104 டிகிரியில் கொதிக்கும் திரவ எதிலீனை உலைக்குள் சுற்றவிடுவார்கள். வினை அவ்வளவு வேகம். வெளிவரும் சூட்டை அப்போதைக்கப்போது வாங்காவிட்டால் வெப்பம் ஏறும், புரோட்டான் உதறல் கூடும், சங்கிலி குட்டையாகிவிடும்.

ஐசோபிரீன் வழியாக வரும் இரட்டைப் பிணைப்பு ஓசோனுக்கும் சூட்டுக்கும் பலவீனமான இடம். அதற்கு மாற்றாக பாரா-மெத்தில்ஸ்டைரீனைச் சேர்க்கும் யோசனை வந்தது. எக்ஸான் நிறுவனத்துக்கு இதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1992இல் கிடைத்தது. எக்ஸ்ப்ரோ என்ற பெயரில் விற்கும் ரப்பர் இந்த வழியில் வந்தது. நேரயனி வினையில் ஐசோபியூட்டிலீனும் பாரா-மெத்தில்ஸ்டைரீனும் ஏறத்தாழச் சமமான ஆவலோடு சேர்கின்றன. எனவே அரோமாட்டிக் அலகுகள் ஒரே இடத்தில் குவியாமல் தண்டு நெடுகப் பரவி நிற்கும். எடையில் 5 சதவீதத்தை ஒட்டி இருந்தாலே போதும்.

அடுத்த படியை நான் எப்போதும் ரசித்துப் பார்ப்பேன். அந்த ரப்பரைக் கரைத்து, வெளிச்சத்தாலோ அசோ வகைத் தொடக்கியாலோ புரோமின் ரேடிக்கல்களை உருவாக்கினால், அவை தண்டு நெடுக உள்ள எண்ணற்ற ஹைட்ரஜன்களை விட்டுவிட்டு, பென்சீன் வளையத்தின் பாரா இடத்தில் தொங்கும் மெத்தில் குழுவைத் தேடிப் பிடிக்கின்றன. வளையம் தண்டோடு சேரும் கார்பனிலும் பறிக்கத்தக்க ஹைட்ரஜன் ஒன்று உண்டு. ஆனால் இருபுறமும் ஐசோபியூட்டிலீனின் மெத்தில் குழுக்கள் நெருக்கிக்கொண்டு நிற்பதால் புரோமின் அங்கே நுழைய முடியாது. விளைவு, தண்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பென்சைல் புரோமைடு. நேரயனி வழியில் பிறந்த தண்டின்மேல் ரேடிக்கல் வழியில் வந்த ஒரு கொக்கி. நூறு அலகுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டியே அது இருக்கும். எங்கள் கணக்கில் 0.75 மோல் சதவீதம்.

ஒரு கார்பன்–ஹாலஜன் பிணைப்பைத் திறக்கும் இரண்டு வழிகள்

இந்த ஆய்வின் மையம் இதுதான் என்று நான் நம்புவதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கார்பனும் ஹாலஜனும் சேர்ந்த பிணைப்பில் இரண்டு எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. அலுமினியம், போரான், டைட்டேனியம் ஹாலைடுகள் போன்ற லூயி அமிலம் வந்தால், ஹாலஜனை இரண்டு எலெக்ட்ரான்களோடும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கார்பன் வெறுங்கையோடு நேரயனியாக நிற்கும். குப்ரஸ் (+1) நிலையில் உள்ள செம்பு வந்தால், ஹாலஜனை ஒரே ஒரு எலெக்ட்ரானோடு எடுத்துக்கொண்டு குப்ரிக் (+2) ஆகிவிடும். கார்பனிடம் ஓர் எலெக்ட்ரான் மிஞ்சும், அது ரேடிக்கல். இரண்டு நிகழ்விலும் ஹாலஜனைத் திருப்பிக் கொடுத்தால் பிணைப்பு மறுபடி உறங்கிவிடும். வளரும் முனை எப்போதும் விழித்திருக்காமல், பெரும்பாலான நேரம் உறங்கி, கணநேரம் விழித்து, ஒன்றிரண்டு மோனோமரைச் சேர்த்துக்கொண்டு மறுபடி உறங்குவது இரண்டுக்கும் பொதுவான உத்தி.

இந்தப் பொதுமை தற்செயலானது இல்லை என்பதற்கு வரலாறே சாட்சி. 1984இல் கியோட்டோவில் ஹிகாஷிமுராவும் சவாமோட்டோவும் ஐசோபியூட்டைல் வைனைல் ஈதரை ஹைட்ரஜன் அயோடைடும் அயோடினும் கொண்டு வளர்த்து, வைனைல் மோனோமர்களில் உயிருள்ள, அதாவது முனை சாகாமல் வளரும், நேரயனி பாலிமராக்கலைக் காட்டினார்கள். அதே சவாமோட்டோதான் 1995இல் ருத்தேனியம் கொண்டு மெத்தில் மெத்தாக்ரிலேட்டைக் கட்டுப்பாட்டோடு ரேடிக்கல் வழியில் வளர்த்தார். அதே ஆண்டு பிட்ஸ்பர்க்கில் மாட்டியஷெவ்ஸ்கி செம்பும், அதைக் கரைசலில் பிடித்துவைக்கும் பைபிரிடினும் கொண்டு ஸ்டைரீனை வளர்த்தார். ஏ.டி.ஆர்.பி. (அணு மாற்ற ரேடிக்கல் பாலிமராக்கல்) என்று இன்று எல்லா ஆய்வகங்களிலும் புழங்கும் பெயர் அவர் கொடுத்தது. அவரும் அதற்கு முன் நேரயனி வினைகளில் ஊறியவர். ஹாலஜனை உறங்கவைக்கும் கலையை நேரயனியிடம் கற்றவர்கள் அதை ரேடிக்கலுக்குக் கொண்டுபோனார்கள் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

எங்கள் ரப்பரில் நீட்டிக்கொண்டிருக்கும் பென்சைல் புரோமைடும் அப்படி ஓர் உறங்கும் பிணைப்புதான். பாலிஐசோபியூட்டிலீன் தண்டிலிருந்து பாலிஸ்டைரீன், பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் கிளைகளை இந்த வழியில் வளர்க்க முடியும் என்பதை ஹங்கேரியக் குழுவும் மாட்டியஷெவ்ஸ்கியின் குழுவும் 2001க்குள்ளேயே காட்டிவிட்டன. புதுப் பாதை போடும் எண்ணம் எங்களுக்கு இல்லை. போட்ட பாதையில் நடந்து பார்த்தோம், விழுந்தோம்.

கெட்ட குடுவை: கணக்கும் சந்தேகமும்

முதல் குடுவையின் சேர்மானம் இது: சைலீனில் கரைத்த ரப்பர், ஸ்டைரீன், குப்ரஸ் புரோமைடு, அதோடு செம்பைக் கரைசலில் பிடித்துவைக்க மூன்று நைட்ரஜன் கொண்ட ஒரு அமீன், அதாவது பென்டாமெத்தில் டைஎதிலீன் ட்ரைஅமீன். மலிவானது, எளிதில் கிடைப்பது, எல்லோரும் பயன்படுத்துவது. திரவ நைட்ரஜனில் உறையவைத்து, காற்றை உறிஞ்சி, உருகவிட்டு, இப்படி மூன்று சுற்று. பிறகு 110 டிகிரி.

ஜெல் ஆனதும் நான் சொன்ன முதல் காரணம் ரேடிக்கல்கள் ஜோடி சேர்வது. ஸ்டைரீன் ரேடிக்கல்கள் இரண்டு சந்தித்தால் பெரும்பாலும் முனையோடு முனை சேர்ந்துகொள்ளும். சாதாரணச் சங்கிலியில் இது பெரிய கேடு இல்லை, சங்கிலி இரட்டிப்பு நீளமாகும், அவ்வளவுதான். ஒட்டு பாலிமரில் அப்படி இல்லை. ஒவ்வொரு முனையும் ஒரு தண்டில் கட்டப்பட்டிருக்கிறது. இரண்டு கிளை சேர்ந்தால் இரண்டு தண்டுகள் இணைந்துவிடும்.

எவ்வளவு சேர்ந்தால் ஜெல்? தண்டின் மூலக்கூறு எடை 1,50,000 என்று வைத்துக்கொண்டால் அதில் சுமார் 2,600 அலகுகள். 0.75 சதவீதம் என்றால் ஒரு தண்டுக்கு 20 கொக்கிகள், 20 கிளைகள். எல்லாத் தண்டும் ஒரே நீளமென்றால், தண்டுக்குச் சராசரியாக ஒரு கிளை வேறொரு தண்டின் கிளையோடு சேர்ந்தாலே ஜெல் தொடங்கிவிடும் என்பது ஃப்ளோரியும் ஸ்டாக்மேயரும் காட்டிய கணக்கு. இருபதில் ஒன்று, அதாவது 5 சதவீதம். விற்பனைக்கு வரும் ரப்பரில் தண்டுகளின் நீளம் ஒரே சீராக இராது. நீண்ட தண்டுகளில் கொக்கிகள் அதிகம், எனவே 2 முதல் 3 சதவீதம் சேர்ந்தாலே போதும். சாதாரண ஏ.டி.ஆர்.பி.யில் 5 சதவீதச் சங்கிலி செத்துப்போனால் யாரும் கவலைப்படமாட்டார்கள். அதே 5 சதவீதம் இங்கே குடுவையையே கொன்றுவிடும்.

இந்தக் கணக்கைப் பலகையில் எழுதி முடித்ததும் எனக்குத் திருப்தி. எங்கள் ஆய்வகத்தில் மூத்தவரான ஓர் அக்கா பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். “ஏம்ப்பா, செம்பு போடாம ஒரு குடுவை வச்சுப் பாத்தியா?” என்று கேட்டார்.

பார்க்கவில்லை. அன்றே வைத்தோம். ரப்பர், சைலீன், அமீன் மட்டும். செம்பும் இல்லை, ஸ்டைரீனும் இல்லை. ரேடிக்கல் எதுவும் பிறக்க வழியே இல்லாத குடுவை அது. அதே 110 டிகிரியில் இரண்டு மணி நேரத்துக்குள் அதுவும் கெட்டியாகத் தொடங்கியது.

யோசித்தால் இதில் மர்மம் எதுவும் இல்லை. பென்சைல் புரோமைடு மூன்றாம் நிலை அமீன்களை விட்டுவைக்காது. நைட்ரஜன் புரோமைடைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அமர்ந்து நான்காம் நிலை அம்மோனியம் உப்பாகிவிடும். நாங்கள் போட்ட அமீனில் நைட்ரஜன் மூன்று. ஒரே மூலக்கூறு இரண்டு தண்டுகளைப் பிடித்தால் அது பாலமாகிவிடும். ஒன்றை மட்டும் பிடித்தாலும் அந்த அயனிகள் எண்ணெய்ப்பசையான ரப்பருக்குள் ஒன்றையொன்று தேடிக் கூடி நிற்கும். அதுவும் முடிச்சுதான். செம்பைக் கரைக்கப் போட்டது கொக்கியைத் தின்றுகொண்டிருந்தது. ஒட்டுக் கட்ட வேண்டிய குருத்தை நாமே வேறொன்றுக்குக் கட்டிக்கொடுத்த கதை.

எனவே சந்தேகம் ஒன்றில்லை, இரண்டு. எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இரண்டையும் சரிசெய்தோம்.

சரியான குடுவை

முதலில் அமீனுக்குப் பதில் பைபிரிடினுக்கு மாறினோம். பைபிரிடினில் நைட்ரஜன்கள் அரோமாட்டிக் வளையத்துக்குள் இருக்கின்றன. பென்சைல் புரோமைடைத் தாக்கும் வேகம் மிகக் குறைவு. சாதாரணப் பைபிரிடினின் செம்புச் சேர்மம் சைலீனில் சரியாகக் கரையாது என்பதால், வளையத்தில் நீண்ட கிளைத்த வால்கள் கொண்ட வகையை எடுத்துக்கொண்டோம். விலை அதிகம். ஆனால் கரைசல் தெளிவாக, அடர்ந்த செம்பழுப்பாக இருந்தது. இந்த நிறம் ஒரு நல்ல காவலாளி. எங்காவது காற்று கசிந்தால் செம்பழுப்பு மங்கிப் பச்சையாகும், குடுவையைத் திறக்காமலே தெரிந்துவிடும். செம்பையும் பைபிரிடினையும் தனியே சேர்த்து, சேர்மம் உருவான பிறகே ரப்பர் கரைசலில் ஊசிவழியாக விட்டோம். செம்பைப் பிடிக்காத பைபிரிடின் நைட்ரஜன் எதுவும் சும்மா அலையக் கூடாது என்பதற்காக.

அடுத்து, தொடக்கத்திலேயே கொஞ்சம் குப்ரிக் புரோமைடு சேர்த்தோம். விழித்த ரேடிக்கலை மறுபடி உறங்கவைப்பது அதுதான். ரேடிக்கல்களின் எண்ணிக்கை பாதியானால் வளர்ச்சியின் வேகம் பாதியாகும், ஆனால் இரண்டு ரேடிக்கல்கள் சந்திப்பது கால்வாசியாகும். அதே நீளக் கிளையைப் பெற இரட்டிப்பு நேரம் காத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் நடக்கும் ஜோடிச் சேர்க்கை முன்பிருந்ததில் பாதிதான். பொறுமையை விலையாகக் கொடுத்து வாங்குகிற பாதுகாப்பு இது.

வெப்பத்தையும் குறைத்தோம். 100 டிகிரிக்கு மேல் ஸ்டைரீன் யாரும் தூண்டாமலே தானாகப் பாலிமராகத் தொடங்கும். அப்படிப் பிறப்பவை தண்டோடு ஒட்டாத தனிச் சங்கிலிகள். 90 டிகிரியில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

ஸ்டைரீனை நிறையப் போட்டு, கொஞ்சமே வினைபுரிந்ததும் நிறுத்திவிடுவது கடைசி மாற்றம். 10 கிராம் ரப்பருக்கு 40 கிராம் ஸ்டைரீன், 30 சதவீதத்தை ஒட்டி நிறுத்தம் என்பது எங்கள் திட்டம். கணக்கின்படி 12 கிராம் கிளையாகும். 1.3 மில்லிமோல் கொக்கிகளுக்குப் பகிர்ந்தால் கிளை ஒன்றுக்கு மூலக்கூறு எடை சுமார் 9,200. ஏறக்குறைய 88 ஸ்டைரீன் அலகுகள். மீதி ஸ்டைரீன் வீண்தான், அதையே கரைப்பான் என்று நினைத்துக்கொண்டோம்.

அந்தக் குடுவையின் காந்தத் துண்டு கடைசிவரை நிற்கவில்லை. தேன் பதத்தோடு முடிந்தது.

ஒட்டியதா, கலந்ததா?

கரைந்துவிட்டது என்பதால் ஒட்டுப் பிடித்தது என்று ஆகிவிடாது. தண்டும் கிளையும் தனித்தனியாக ஒரே குடுவையில் இருந்தாலும் இப்படியே இருக்கும். இந்த இடத்தில் பலர் அவசரப்படுவதைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிபோல் இறுகிய பொருள் இளகத் தொடங்கும் இரண்டு கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைகள், மைனஸ் 60களில் ஒன்று, 100ஐ ஒட்டி ஒன்று, தெரிந்தவுடனே ஒட்டு பாலிமர் என்று எழுதிவிடுகிறார்கள். வெறும் கலவையும் அதே இரண்டைக் காட்டும்.

ஹைட்ரஜன்கள் எந்தச் சூழலில் இருக்கின்றன என்று காட்டும் என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) நிறமாலையில் பென்சைல் புரோமைடின் இரண்டு ஹைட்ரஜன்கள் 4.5 பிபிஎம்மை ஒட்டித் தெரியும். கிளை தொடங்கினால் அந்தச் சிகரம் அங்கிருந்து மறைய வேண்டும். மறைந்தது. ஆனால் முதல் குடுவையின் பாடம் நினைவில் இருந்தது. அமீன் தின்றுவிட்டாலும் அது மறையும். அதனால் அதை மட்டும் நம்பவில்லை. செம்பு இல்லாத, பைபிரிடின் மட்டும் போட்ட குடுவையையும் ஓட்டிப் பார்த்தோம். அதில் சிகரம் அப்படியே நின்றது. அதற்குப் பிறகே மூச்சு வந்தது.

மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜி.பி.சி.யில் ஒரு வசதி உண்டு. பாலிஐசோபியூட்டிலீன் புற ஊதா ஒளியைக் கிட்டத்தட்ட உறிஞ்சாது, பாலிஸ்டைரீன் உறிஞ்சும். ஒளிவிலகல் கருவியும் புற ஊதாக் கருவியும் ஒரே வளைவை ஒரே இடத்தில் காட்டினால் இரண்டும் ஒரே மூலக்கூறில் இருக்கின்றன என்பதற்கு நல்ல அறிகுறி. அங்கே கிடைக்கும் மூலக்கூறு எடையை மட்டும் அப்படியே நம்பக் கூடாது. கிளைத்த மூலக்கூறு அதே எடையுள்ள நேர்ச் சங்கிலியைவிடச் சுருண்டு சிறிதாக இருப்பதால் எடை குறைவாகத் தெரியும்.

ஒட்டாதவற்றைப் பிரித்தெடுக்கும் வேலையில் கவனம் தேவை. ஹெக்சேன் வெறும் ரப்பரைக் கரைத்து எடுக்கும். மெத்தில் எதில் கீட்டோன் வெறும் பாலிஸ்டைரீனை எடுக்கும். ஆனால் கிளைகள் அதிகமுள்ள ஒட்டு மூலக்கூறுகள் கீட்டோனில் மணிமணியாகத் திரண்டு மிதக்கும். ரப்பர் உள்ளே, ஸ்டைரீன் வெளியே. அந்தத் திரவத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் லேசான நீலப் புகை தெரியும். அதைப் பார்க்காமல் ஆவியாக்கி எடை போட்டால், நல்ல ஒட்டையே தனிப் பாலிஸ்டைரீன் என்று கணக்கெழுதிவிடுவோம். எங்கள் முதல் எடை அப்படித்தான் தவறாகப் போனது. மைய விலக்கியில் சுழற்றித் தெளியவைத்துத் திரும்ப எடுத்தோம்.

எனக்குப் பிடித்த சோதனைக்குக் கருவியே வேண்டாம். ஒட்டு பாலிமரைத் டொலுயினில் கரைத்துக் கண்ணாடித் தட்டில் ஊற்றி உலரவிட்டோம். பக்கத்துத் தட்டில் அதே அளவு ரப்பரும் தனிப் பாலிஸ்டைரீனும் கலந்த கரைசல். மறுநாள் இரண்டு படலங்களையும் உரித்து ஒரு நாளிதழின் மேல் வைத்தோம். கலவைப் படலம் பால்வெள்ளை, கீழே தலைப்பு எழுத்துகூடத் தெரியவில்லை. ரப்பரின் ஒளிவிலகல் எண் 1.51, ஸ்டைரீனுக்கு 1.59, பெரிய திட்டுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. ஒட்டுப் படலத்தின் வழியே சின்ன எழுத்து விளம்பரத்தைப் படிக்க முடிந்தது. திட்டுகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை. இழுத்துப் பார்த்தேன், நீண்டது. விட்டதும் திரும்பியது.

வேறு வாசல்கள்

நாங்கள் தண்டுக்கு நேரயனி, கிளைக்கு ரேடிக்கல் என்று போனோம். இதைத் தலைகீழாகவும் செய்யலாம், அதுதான் பழைய வழியும்கூட. 1970களில் ஆக்ரன் பல்கலைக்கழகத்தில் ஜோசப் கென்னடியின் குழு பி.வி.சி.யை எடுத்துக்கொண்டது. பி.வி.சி. ரேடிக்கல் வழியில் பிறப்பது. அதில் உள்ள குளோரின்களில் மிகப் பெரும்பாலானவை லூயி அமிலத்துக்கு மசியாதவை. ரேடிக்கல் வினையின் பிழைகளால் உருவான ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு அல்லைல், மூன்றாம் நிலைக் குளோரின்கள் மட்டும் மசியும். டைஎதில் அலுமினியம் குளோரைடு அவற்றைப் பிடுங்க, அந்த இடங்களில் ஐசோபியூட்டிலீன் கிளை வளர்ந்தது. பி.வி.சி.யின் குறையாகச் சொல்லப்படும் இடங்களையே ஒட்டுக் கட்டும் கணுக்களாக மாற்றிய அந்தச் சிந்தனை இன்றும் என்னை வியக்கவைக்கிறது. புரோட்டான் உதறலால் வரும் களையை அடக்க, நெருக்கமான இரண்டு பெரிய குழுக்கள் காவல் நிற்கும் 2,6-டை-டெர்ஷியரி-பியூட்டைல் பிரிடினைப் புரோட்டான் பொறியாகப் பயன்படுத்தும் பழக்கமும் அந்தக் குழுவின் வேலைகளால்தான் பரவியது. புரோட்டான் உள்ளே நுழையும், பெரிய லூயி அமிலம் நுழைய முடியாது.

கிளையை முதலில் செய்துவிட்டுப் பிறகு தண்டு கட்டும் வழியும் உண்டு. பாலிஐசோபியூட்டிலீனையோ பாலிடெட்ராஹைட்ரோஃபியூரானையோ நேரயனி வழியில் வளர்த்து, முனையில் மெத்தாக்ரிலேட் குழு ஒன்றைப் பொருத்தி, பிறகு மெத்தில் மெத்தாக்ரிலேட்டோடு சேர்த்து ரேடிக்கல் வழியில் வளர்ப்பது. கிளையின் நீளம் முன்பே அளந்து தெரிந்தது என்பது இதன் பெரிய பலம். எங்கள் கிளைகள் கார்பன்–கார்பன் பிணைப்பால் தண்டோடு சேர்ந்தவை, வெட்டி எடுத்து அளக்க வழியில்லை, கணக்கை நம்பித்தான் இருக்கிறோம். ஆனால் இந்த வழியில் சேராமல் மிஞ்சும் நீண்ட கிளைகளைப் பிரிப்பது தலைவலி.

ஒரே குடுவையில் இரண்டும் என்ற கனவும் இப்போது கைகூடியிருக்கிறது. இஸ்தான்புல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யூசுஃப் யாஜியின் குழு, ஒளியால் பிறந்த ரேடிக்கலை அயோடோனியம் உப்பால் ஆக்சிஜனேற்றி அங்கேயே நேரயனியாக்கும் முறையைப் பல ஆண்டுகளாக வளர்த்துவருகிறது. 2017இல் கார்னெல்லில் பிரெட் ஃபோர்ஸின் குழு, ஒரே சங்கிலி முனையைப் பச்சை ஒளியில் நேரயனியாகவும் நீல ஒளியில் ரேடிக்கலாகவும் விழிக்கவைத்தது. ஐசோபியூட்டைல் வைனைல் ஈதரும் மெத்தில் அக்ரிலேட்டும் விளக்கை மாற்ற மாற்ற ஒரே சங்கிலியில் அடுத்தடுத்துச் சேர்ந்தன. அங்கே முனையில் ஹாலஜன் இல்லை, கந்தகச் சேர்மம். ஆனால் உத்தி அதேதான்: ஒரு உறங்கும் பிணைப்பு, இரண்டு திறவுகோல்.

எங்கள் மேசையில் அடுத்தது மெத்தில் மெத்தாக்ரிலேட். அதன் ரேடிக்கல்கள் ஜோடி சேர்வதைவிட ஹைட்ரஜனைக் கைமாற்றிக்கொண்டு பிரிவதையே அதிகம் விரும்புவதால் ஜெல் பயம் குறைவு. வேறொரு சிக்கல் இருக்கிறது. வளரும் மெத்தாக்ரிலேட் முனை, பென்சைல் புரோமைடைவிட எளிதில் விழிப்பது. சில கொக்கிகள் தொடங்கும் முன்பே மற்றவை நீளமாக வளர்ந்துவிடும். அதற்குக் குப்ரஸ் புரோமைடுக்குப் பதில் குப்ரஸ் குளோரைடைப் போடுவது வழக்கம். தொடங்குவது புரோமின், வளரும் முனையில் வந்து அமர்வது குளோரின். குளோரின் முனை மெதுவாக விழிக்கும், தொடங்காத கொக்கிகளுக்கு அவகாசம் கிடைக்கும். செம்பு இல்லாத குடுவையை இந்த முறை முதலிலேயே வைத்துவிட்டோம்.